ஒன்பது நாள் கப்பு

— அங்கயே நில்லுங்க தம்பி. அந்தப் பலகை மேல முப்பது கப்பு ஈரமா உக்காந்திருக்கு. உங்க பை உரசுச்சுன்னா முப்பதும் மறுபடி மண்ணு.

— நின்னுட்டேன் அண்ணே. தப்பா நினைக்காதீங்க, ரெண்டே ரெண்டு கையெழுத்து. அண்ணன் ஒண்ணு, அக்கா ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவேன்.

— அண்ணனா? போன மாசம் உங்க கம்பெனி போட்ட கடுதாசியில ‘மேற்படி நபர்’னு இருந்துச்சு. மேற்படி நபரும் அவர்தம் மனைவியும். ஒரே மாசத்துல உறவு முளைச்சிடுச்சே.

— அது வக்கீல் எழுதுற பாஷை அண்ணே.

— இது மண்ணு பிசையிறவன் பாஷை, கேட்டுக்குங்க. சக்கரத்தையும் நிறுத்த மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன். மேஸ்திரி, நீயே சொல்லு இவருக்கு.

— நான் சொல்றதுக்கு முன்னாடி அவர் சொல்லட்டும். உக்காருங்க சார். அந்த முக்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எதுக்கு வந்தீங்கன்னு முதல்ல இருந்து வரிசையாச் சொல்லுங்க. உங்க கடுதாசியில முதல் பக்கம் சொன்னதை மூணாம் பக்கம் மறுக்குது.

— விஷயம் ரொம்பச் சின்னது அக்கா.

— நான் உங்களுக்கு அக்கா இல்லை. எனக்குத் தம்பிங்க நாலு பேர். நாலு பேரும் கால் மண்ணைத் தட்டிட்டுத்தான் பட்டறைக்குள்ள வருவாங்க.

— மன்னிச்சுக்குங்க மேடம். தட்டிட்டேன்.

— நல்லது. சொல்லுங்க.

— எங்க கம்பெனி புதுசா ஒரு கப்பு கொண்டு வருது. கைப்பிடி ஓரமா ஒரு குழி இருக்கும். விரல் வெக்கிறதுக்கு. அந்தக் குழியை டிசைனாப் பதிவு பண்ணிட்டோம். இப்ப உங்க கப்புலயும் கைப்பிடி ஓரமா ஒரு குழி இருக்கு. அதனால, அந்தக் குழி எங்களோடதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இனிமே நீங்க போடக் கூடாது. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? மேஸ்திரி, உன் கட்டைவிரலைப் பதிவு பண்ணிட்டாங்களாம். இனிமே நீ மூக்கைச் சொறியணும்னாலும் இவர்கிட்ட அனுமதி வாங்கணும்.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

— எப்படி இருப்பேன்? தம்பி, இந்தப் பட்டறையில நான் சுத்துவேன், இவ காது வெப்பா. காதுன்னா கைப்பிடி. கப்பு பாதி காய்ஞ்ச பதத்துல இருக்கும்போது கைப்பிடிய ஒட்டிட்டு, மேல்முனையில கட்டைவிரலால ஒரு அமுக்கு. பதினோரு வருஷமா ஒவ்வொரு கப்புலயும் அந்த ஒரு அமுக்கு. கண்ணு தெரியாத ஒரு பெரியவர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து தடவிப் பார்த்து வாங்கிட்டுப் போறாரு. அந்தக் குழி உங்களோடதா?

— தப்பா நினைக்காதீங்க அண்ணே. யார் முதல்ல செஞ்சாங்கங்கிறது வேற. யார் முதல்ல பதிவு பண்ணாங்கங்கிறது வேற.

— அடேங்கப்பா. அப்ப நாளைக்கு மழையை எவனாவது பதிவு பண்ணிட்டான்னா நாங்க நனையக் கூடாதா?

— ஒத்துக்க மாட்டேன்னு சொன்னா எங்களுக்கு வேற வழி இல்லைண்ணே. கேஸ் போடுவாங்க. டவுன்ல உங்க கப்பு எடுக்குற ரெண்டு கடைக்கும் ஏற்கெனவே கடிதம் போயிடுச்சு. நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் அவங்க உங்க சரக்கைத் தொட மாட்டாங்க.

— அதான் மூணு வாரமா ரெண்டு பேரும் போனை எடுக்கலையா? மேஸ்திரி, கேட்டியா?

— கேட்டேன். சார், கோர்ட்டுக்கு வர்றதுல எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. எந்த ஊர்க் கோர்ட்டு, எத்தனை மணின்னு மட்டும் சொல்லுங்க. சூளையில நெருப்பு இல்லாத நாளாப் பார்த்து வர்றோம்.

— மேடம், பெரிய கம்பெனியோட மோதுறது...

— பெரிய கம்பெனின்னு எங்களுக்கே தெரியும் சார். யானை பெருசுங்கிறதை யானையே வந்து சொல்ல வேண்டியதில்லை.

— அப்படிப் போடு. தம்பி, இவகிட்ட வாயைக் குடுத்து நான் ஜெயிச்சதே கிடையாது. நீங்க நேத்து வந்தவரு.

— அண்ணே, எங்க பக்கமும் பாருங்க. நாங்க சும்மா எழுதி வாங்கிட்டுப் போகலை. திறப்பு விழாவுக்கு உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, முன் வரிசையில உக்கார வெச்சு, ஒரு கேடயம் தர்றதா இருக்கோம். ‘பாரம்பரியத்தின் காவலர்கள்’னு எழுதி.

— கேடயம்! அதுக்கு ஒரு காது ஒட்டிக் குடுங்க, தண்ணி மொண்டுக்கலாம்.

— காவலர்கள்னு எழுதிட்டுக் காவல் இருக்கிற பொருளை எடுத்துட்டுப் போவீங்களா?

— மேடம், நீங்க வார்த்தையைப் பிடிச்சுக்கிறீங்க.

— பிடிக்காம? நீங்க கேக்குற கையெழுத்தே வார்த்தைக்குக் கீழதான். சரி, அந்தக் கப்பைக் கொண்டு வந்திருக்கீங்களா?

— கொண்டு வந்திருக்கேன். பார்த்தா நீங்களே சொல்வீங்க, எவ்வளவு நேர்த்தின்னு. இந்தாங்க அண்ணே.

— என்கிட்ட நீட்டாதீங்க. நான் அதைத் தொட மாட்டேன். கண்ணாலகூடப் பார்க்க மாட்டேன். எனக்கு இங்க சக்கரத்துல கப்புக்குக் கழுத்து தூக்கற வேலை இருக்கு.

— இப்படி என்கிட்ட குடுங்க சார்.

— நீயும் தொடாத மேஸ்திரி.

— பார்க்காம எப்படி மறுக்கிறது? குடுங்க. ம்... கனம் கம்மி.

— இயந்திரத்துல வார்த்தது மேடம். இந்த வேலைப்பாட்டைப் பாருங்க.

— பார்க்கிறேன். ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளிக்குங்க, வெளிச்சம் மறைக்குது. சார், இந்த மாதிரி ஒரு கப்பு உங்களுக்கு எங்க கிடைச்சுது?

— அது வந்து... எங்க டிசைன் பண்ற அம்மா போன வருஷம் இந்தப் பக்கமா கார்ல போகும்போது வாங்கினாங்க. ஒரு... ஒரு தூண்டுதலுக்காக.

— தூண்டுதலா? எங்க கப்பைப் பார்த்துப் பண்ணினேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. எழுதிக்கோ மேஸ்திரி. தேதி போட்டு எழுதிக்கோ.

— எழுதிக்கலாம். சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பட்டறைக்குள்ள வந்து இந்தப் பெரிய அலமாரியில எடுத்தாங்களா? இல்லை, ரோட்டோரத்துல கம்பி வலை போட்டு ஒரு சின்ன அலமாரி இருக்கே, அதுலயா?

— ரோட்டோரம்தான். உள்ள வரலை. அவசரமாப் போயிட்டிருந்தாங்களாம்.

— அப்படியா. அந்த அலமாரியில இருக்கிற ஒவ்வொரு கப்புக்கு அடியிலயும் என் கையெழுத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அது என்ன ஆச்சு?

— ஏதோ ஒண்ணு இருந்ததாம். ஸ்கேன் பண்ணும்போது இடைஞ்சலா இருந்துச்சுன்னு சுரண்டிப் போட்டுட்டாங்க.

— வாசிச்சுட்டுச் சுரண்டினாங்களா, வாசிக்காமச் சுரண்டினாங்களா?

— வெலைச் சீட்டுன்னு நினைச்சிருப்பாங்க மேடம்.

— வெலையை நான் சீட்டுல எழுதறதில்லை. அதுல எழுதறது வேற. என்னன்னு சொல்லட்டுமா?

— வேணாம் மேடம், தப்பா நினைக்காதீங்க. சீட்டுக்கும் டிசைனுக்கும் சம்பந்தமில்லை. நாங்க எடுத்துக்கிட்டது வடிவத்தை மட்டும்தான்.

— வடிவத்தை அப்படியேவா எடுத்தீங்க? ஏதாவது மாத்தினீங்களா?

— மயிரிழைகூட மாத்தலை. அதான் எங்க பெருமையே. உள்பக்கம், வெளிப்பக்கம் ரெண்டையும் இயந்திரம் தனித்தனியா அளந்துச்சு. விரலை விட்டுப் பாருங்க. வெளிய குழி இருக்கு, உள்ள அந்த இடத்துல ஒரு சின்ன மேடுகூட இருக்காது.

— ஆமா, வழவழன்னு இருக்கு.

— உங்க கப்புலயும் அப்படியேதானே மேடம்?

— அப்படியேதான். நான் அமுக்கும்போது உள்ள ரெண்டு விரலை முட்டுக் குடுப்பேன். அதனால உள்பக்கம் எழும்பாது.

— பார்த்தீங்களா அண்ணே, மேடத்துக்கே பிடிச்சிருக்கு.

— அவ மரியாதைக்குப் பார்க்கிறா. சாவு வீட்டுக்கு வந்தவங்களையும் இவ உக்காருங்கன்னுதான் சொல்வா. மேஸ்திரி, பார்த்தது போதும். அவர் சாமானை அவர் பையில போடு. வழியில மண்ணு குவியல் இருக்கும், பார்த்துப் போகச் சொல்லு.

— சார், இந்தக் கப்பு கடைக்கு வந்துடுச்சா?

— திங்கக்கிழமை வருது. பன்னெண்டாயிரம் கப்பு கிடங்குல தயாரா இருக்கு.

— ஒண்ணுகூட யார் வீட்டுக்கும் போகலையே? மாதிரிக்குன்னு, பரிசுன்னு?

— ஒண்ணுகூட இல்லை. இந்த ஒண்ணுதான் வெளிய வந்திருக்கு. உங்க கையெழுத்துக்காகத்தான் எல்லாம் காத்திட்டிருக்கு.

— இன்னிக்கு வெள்ளி. நடுவுல ரெண்டு நாள் இருக்கு. சரி. சோதனை எல்லாம் பண்ணிட்டீங்களா?

— ஏகப்பட்ட சோதனை. பச்சத் தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி முழுக்க வெச்சோம், ஒரு சொட்டு கசியலை. நூறு பேர்கிட்ட காட்டிக் கேட்டோம், தொண்ணூத்தொரு பேர் அழகுன்னாங்க.

— பாக்கி ஒன்பது பேர் டீ குடிக்கிறவங்களா இருக்கும்.

— என்ன மேடம்?

— ஒண்ணுமில்லை. பேனா வெச்சிருக்கீங்களா?

— ஏய். என்ன சொன்ன இப்ப?

— பேனா கேட்டேன்.

— எதுக்கு?

— கையெழுத்துப் போட.

— கையெழுத்தா?

— சக்கரத்தை நிறுத்த மாட்டேன்னு சொன்னீங்க. நின்னுடுச்சு.

— விளையாடாத. இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியக் கத்தினது எதுக்கு? டவுன்ல ரெண்டு கடை இல்லைன்னா என்ன, ரோட்டோரம் நின்னு விப்போம். மழையில நிப்போம், வெயில்ல நிப்போம். மண்ணு இலவசமா வருது, கை ரெண்டு இருக்கு. நீ எதுக்குப் பயப்படுற?

— நான் பயப்படுறேன்னு யார் சொன்னது?

— அப்புறம் எதுக்குப் பேனா? என் பேரை எடுத்துட்டுப் போகட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். சக்கரத்தை எடுத்துட்டுப் போகட்டும், கையால உருட்டிக்குவேன். ஆனா அது உன் விரல். உன் விரலை இன்னொருத்தனுக்கு எழுதிக் குடுக்க நீயே பேனா கேக்குறியா? உங்க அப்பா வந்து கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன்.

— எங்க அப்பா போய் எட்டு வருஷமாச்சு. அவரை எதுக்கு இழுக்கிறீங்க? சக்கரத்தாரே, எழுந்து இங்க வாங்க.

— மாட்டேன்.

— கையைக் கழுவிட்டு வந்து இந்தக் கப்பைப் பிடிச்சுப் பாருங்க.

— தொட மாட்டேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன்.

— கழுவாமலே வாங்க. பார்க்க மாட்டேன்னு வேற சபதம் போட்டிருக்கீங்க, அதனால கண்ணை மூடிக்குங்க. பிடிக்க மட்டும் செய்ங்க. பதினோரு வருஷத்துல நான் உங்ககிட்ட காரணம் சொல்லாம ஒண்ணு கேட்டதுண்டா?

— கேட்டதே இல்லை. சரி, குடு. பிடிச்சிட்டேன். என்ன இப்ப?

— கட்டைவிரல் எங்க இருக்கு?

— கைப்பிடி மேல இருக்கு. குழிக்குள்ள... குழி எங்க? மேல குழியே இல்லையே.

— தேடுங்க.

— இங்க சுண்டுவிரல்ல ஒண்ணு இடிக்குது. இது கீழ்முனை. தடிச்ச முனை கீழ இருக்கு. காது தலைகீழ...

— சொல்லுங்க.

— மேஸ்திரி.

— ம்.

— இது ஒன்பது நாள் கப்பு.

— கண்ணைத் திறந்துக்கலாம்.

— ஐயோ. ஐயோ, எனக்கு உக்காரணும். தம்பி, அந்த ஆடுற முக்காலியை இப்படித் தள்ளுங்க.

— ஏண்ணே சிரிக்கிறீங்க? தப்பா நினைக்காதீங்க, எனக்குப் புரியலை.

— உங்க டிசைன் அம்மாவுக்கு என்னோட பெரிய கும்பிடு தம்பி. எத்தனை கப்பு இருக்கிற இடத்துல, தேடி எடுத்திருக்காங்க பாருங்க. மேஸ்திரி, அந்தக் கதையை இவருக்குச் சொல்லலாமா?

— சொல்லுங்க. அவருக்குத் தெரிய வேண்டியதுதான். தன்னோட கப்பு எப்படிப் பிறந்ததுன்னு.

— இதோ, நீங்க வெளிச்சத்தை மறைச்சிட்டு உக்காந்திருக்கீங்களே, இந்த ஜன்னல். இது வேணும்னு இவ, வேணாம்னு நான். காத்து அடிச்சா கப்பெல்லாம் ஒரு பக்கமாக் காயும்னேன். வெளிச்சம் இல்லாம நான் என்ன குருட்டு வேலையா பாக்கிறதுன்னா இவ. அது வளர்ந்து வளர்ந்து, பேச்சு வார்த்தை நின்னுடுச்சு. ஒன்பது நாள்.

— ஒன்பது நாளும் வேலை நிக்கலை. அதையும் சொல்லுங்க.

— நிக்கலை. நான் சுத்திப் பலகையில வெப்பேன், இவ பலகையை எடுத்துட்டுப் போவா. ஒரு ‘இந்தா’ கிடையாது, ஒரு ‘ம்’ கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறி, உன் தயவே வேணாம்னு நானே காது ஒட்ட உக்காந்தேன். நாப்பத்தி மூணு கப்பு. பழக்கமில்லாத வேலை. தடிச்ச முனை மேல வரணும், நான் கீழ வெச்சு ஒட்டிட்டேன். நாப்பத்தி மூணையும் தலைகீழா.

— மேடம் பார்க்கலையா?

— முதல் கப்புலயே பார்த்துட்டேன்.

— பார்த்துட்டுச் சொல்லலையா?

— சொல்லணும்னா பேசணும். நான் ஏன் முதல்ல பேசணும்? தடிச்ச முனையில கட்டைவிரலை அமுக்கறது என் வேலை. முனை எங்க இருந்ததோ அங்க அமுக்கினேன். ஒழுங்கா, ஒண்ணு விடாம, நாப்பத்தி மூணு தடவை.

— கல் நெஞ்சுக்காரி. ஒவ்வொண்ணா எடுத்து, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே அமுக்கினா தம்பி.

— நீங்களும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க.

— நான் ஏன் முதல்ல பேசணும்?

— ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின டிசைன்னு சொல்லுங்க. இதை விளம்பரத்துலயே போடலாமே மேடம். காதல் கதை.

— காகிதத்தைக் குடுங்க. ஒரு தடவை சத்தமா வாசிக்கிறேன். ‘கைப்பிடியின் ஓரத்தில் அமைந்த மேற்படி குழியின் கருத்து, வடிவம், பயன், விளைவு ஆகிய அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை என்றும், அவற்றில் தங்களுக்கு எக்காலத்திலும் எவ்விதப் பங்கும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறோம்.’ இதை யார் எழுதினது?

— எங்க வக்கீல் மேடம்.

— ‘விளைவு’ங்கிற வார்த்தையை அவரே போட்டாரா?

— ஆமா. லாபம் பெருசா வந்தா நீங்க பின்னாடி வந்து பங்கு கேக்கக் கூடாதுல்ல. அதுக்காக.

— நல்ல வார்த்தை. அது இருக்கட்டும். ஆனா ‘ஓரத்தில்’ங்கிறது எனக்குப் பத்தாது. கைப்பிடிக்கு மேல ஒரு ஓரம், கீழ ஒரு ஓரம். எந்த ஓரம்?

— மேடம், ரெண்டும் ஒண்ணுதானே.

— ஒண்ணு இல்லை. உங்க கப்புல குழி எங்க இருக்கு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க.

— கீழ.

— அப்ப ‘கைப்பிடியின் கீழ்முனையில்’னு எழுதுங்க. கப்போட அடியிலேர்ந்து எத்தனை விரக்கடைன்னும் எழுதுங்க. அடுத்த வரியில, ‘கைப்பிடியின் மேல்முனையில் உள்ள குழி இந்தப் பட்டறைக்கே உரியது, அதில் நிறுவனம் தலையிடாது’. அதுக்கு அடுத்த வரியில, டவுன் கடைகளுக்குப் போட்ட கடிதத்தை இன்னிக்கே திரும்ப வாங்கிக்கிறதா. மூணும் இருந்தா கையெழுத்து உண்டு. ஒண்ணு குறைஞ்சாலும் கோர்ட்டு எத்தனை மணின்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.

— நான் ஒரு போன் பண்ணிக்கிறேன். ஹலோ, சார். ஆமா சார், போடறேங்கறாங்க. கீழ்முனைன்னு குறிப்பா எழுதணுமாம். இல்லை சார், நம்ம கப்புல கீழதான் இருக்கு. மேல இருக்கிறது அவங்களுக்கு வேணுமாம். ஆமா சார், நமக்கு எதுக்கு அது. கடைக்கும் இப்பவே சொல்லிடுறீங்களா? சரி சார். சரி சார். மேடம், எல்லாத்துக்கும் சம்மதம். எழுதி முத்திரை வெச்சிடுறேன்.

— ரெண்டு பிரதி.

— ரெண்டு பிரதி. இந்தாங்க. அண்ணே, நீங்க?

— எனக்குத்தான் முதல்ல. எங்க போடணும்? இங்கயா? கை மண்ணா இருக்கு, பரவாயில்லையா? சாட்சிக்கு மண்ணு. மேஸ்திரி, உன் பேரை எழுத்து எழுத்தா எழுது, தெளிவா இருக்கட்டும்.

— எழுதிட்டேன். சார், கடைசியா ஒரு தடவை கேக்கறேன். அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்ததுன்னு சொல்லட்டுமா?

— மேடம், நீங்க அந்தச் சீட்டை விட மாட்டீங்க போல. கையெழுத்து வாங்கிட்டேன், எனக்கு மனசு நிறைஞ்சிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நல்லவங்களா இருப்பீங்கன்னு நினைக்கவே இல்லை.

— ரெண்டு தடவை கேட்டாச்சு. சக்கரத்தாரே, டீ போடுங்க.

— இவருக்கு டீ கிடையாதுன்னு காலையில நானே சொன்னேன். இப்ப நானே போடறேன். தண்ணி நல்லாக் கொதிக்கட்டும், மேஸ்திரி?

— தளதளன்னு கொதிக்கட்டும்.

— தம்பி, உங்க கப்புலயே ஊத்தவா? புதுக் கப்பு, முதல் டீ. அதுக்கு ஒரு ராசி வேணும்ல.

— அட, நல்ல யோசனை அண்ணே. போட்டோ எடுத்துக்கிறேன். பட்டறையில, உங்க கையால முதல் டீ. எங்க சாருக்கு அனுப்பினா குதிப்பாரு.

— குதிப்பாரு, குதிப்பாரு.

— சார், கப்பைக் கையில பிடிக்க வேணாம். இந்த இரும்புத் தட்டுல வைங்க. முழங்காலை அந்தப் பக்கம் தள்ளிக்குங்க. காகிதத்தையும் எடுத்துடுங்க, நனைஞ்சிடும்.

— எதுக்கு மேடம் இவ்வளவு ஏற்பாடு?

— சொன்னதைச் செய்ங்க. இன்னும். இன்னும் ஒரு சாண். ஆச்சு. ஊத்துங்க.

— ஊத்தறேன். கழுத்து வரைக்கும் ஊத்திட்டேன். ஆவி பறக்குது, எடுங்க தம்பி போட்டோ.

— எடுத்துட்டேன். அழகா வந்திருக்கு. டிக்குனு என்ன சத்தம் அது?

— பொறுங்க. இன்னொண்ணு வரும்.

— இன்னொண்ணா? எதுக்கு இன்... அண்ணே. அண்ணே, குழிக்குள்ள ஒரு கோடு ஓடுது. கைப்பிடி... கைப்பிடி தனியா விழுந்துடுச்சு. டீ மொத்தம் தட்டுல நிக்குது.

— எங்க வீட்டுல இது பத்தாம் நாள் காலையில நடந்துச்சு தம்பி. என்ன, தட்டு இல்லை, என் மடி. நான் போட்ட கூச்சல்தான் ஒன்பது நாளைக்கு அப்புறம் இந்த வீட்டுல கேட்ட முதல் வார்த்தை. ஜன்னலும் அன்னிக்கே வெச்சாச்சு.

— வெளிய அமுக்கி, உள்ள முட்டுக் குடுத்தா நடுவுல சுவர் காகிதமாயிடும் சார். மேல்முனை விளிம்புக்குப் பக்கம், அதுக்குப் பின்னாடி டீ நிக்காது, தாங்கும். கீழ்முனையில கொதிக்கிற தண்ணி மொத்தமும் அதுலதான் சாயும்.

— மேடம்... பன்னெண்டாயிரம் கப்பு.

— ஒண்ணுகூட வெளிய போகலைன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நான் பேனா கேட்டேன். போனைக் கையில எடுங்க. திங்கக்கிழமை கிடங்குக் கதவு திறக்கக் கூடாது. யாரோ ஒருத்தர் மடியில குழந்தையை வெச்சிட்டு டீ குடிப்பாங்க.

— முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்.

— உங்க டிசைன் அம்மா அவசரத்துல சுரண்டிப் போட்டாங்களே, அந்தச் சீட்டுல சொன்னேன். இன்னிக்கு ரெண்டு தடவை கேட்டேன். நாப்பத்தி மூணுல நாலு கப்பு இன்னும் அந்த அலமாரியில இருக்கு. டீ கொதிக்கிற நேரத்துல ஒண்ணோட சீட்டை உங்களுக்காகப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க. சத்தமா வாசிங்க.

— ‘இந்தக் கப்பின் கைப்பிடி தலைகீழாக ஒட்டப்பட்டுள்ளது. குழி இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. சூடாக எதையும் ஊற்றினால் பிளக்கும். பூ வைக்கலாம், பேனா வைக்கலாம்.’ அதுக்குக் கீழ ஒரு வரியைக் கோடு போட்டு அடிச்சிருக்கு மேடம். ‘தவறு எங்களுடையது.’

— அதை இப்பத்தான் அடிச்சேன் சார், கையெழுத்துப் போட்ட கையோட. பொய்யான சீட்டை என் அலமாரியில நான் வெக்கிறதில்லை.